எருக்கு: புற்றுநோய்க்கு மருந்தா, இதயத்துக்கு நஞ்சா? பெல்ஜியம் ஆராய்ச்சி பற்றி ஒரு சந்தேகம்

வியாசர்பாடி கார்த்தி
எல்லோருக்கும் வணக்கம். எர்ணாவூரில் இருக்கும் என் தாய்மாமாவுக்குக் குடல் புற்றுநோய். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஒருவர் எருக்கு வேர்ப்பட்டையைக் காயவைத்து இடித்த தூள் ஒரு பொட்டலம் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு வாட்ஸப் செய்தி. பாலைவன எருக்கிலிருந்து பெல்ஜியம் விஞ்ஞானிகள் புற்றுநோய் மருந்து எடுத்துவிட்டார்களாம், எலிக்குக் கொடுத்ததில் கட்டி சுருங்கியதாம், பக்கவிளைவே இல்லையாம்.

தேடிப் பார்த்தேன். அந்த ஆராய்ச்சி உண்மையாகவே இருக்கிறது, 2005ல் வெளிவந்திருக்கிறது. அதுதான் எனக்குச் சிக்கல். மொத்தமும் பொய் என்றால் மாமாவிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவர் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெயந்தி தண்டையார்பேட்டை
தம்பி, ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போன் போட்டு, தொடக்கூடாது என்று சொல்லுங்கள். பொட்டலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நான் நர்ஸ். விஷ வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். விளக்கமெல்லாம் அப்புறம் பேசுவோம்.

காசிமேடு கடலோரம்
எருக்கு அவ்வளவு மோசமா அக்கா? எங்கள் வீட்டில் காலில் முள் ஏறினால் எருக்கம்பால் வைப்பார்கள், முள் மேலே வரும். மூட்டு வலிக்கு இலையை விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டுவார்கள். நைலான் வருவதற்கு முன்னால் எருக்கு நாரில்தான் தூண்டில் கயிறு திரித்தார்களாம். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகாதாம். எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டது. இத்தனைக்கும் பயன்படுகிற செடி.

ஓய்வுபெற்ற வாத்தியார்
கார்த்தி தம்பிக்கு. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். மாமாவிடம் பேச இது உதவும்.

முதலில் செடி. நம் ஊரில் கொருக்குப்பேட்டை தண்டவாளம் ஓரத்திலும் எண்ணூர் மணலிலும் நிற்பது கலோட்ரோபிஸ் ஜைஜாண்டியா. பூ பெரிது, இதழ் விரிந்து கிடக்கும், வெள்ளை அல்லது ஊதா. பெல்ஜியம்காரர்கள் எடுத்துக்கொண்டது கலோட்ரோபிஸ் புரோசெரா. ஆப்பிரிக்கப் பாலைகள், அரேபியா, நம் ராஜஸ்தான் என்று வறண்ட மண்ணில் வளர்வது. பூ சிறியது, இதழ் நிமிர்ந்து நிற்கும், நுனியில் மட்டும் ஊதா. இரண்டும் ஒரே பேரினம், நஞ்சும் ஒரே குடும்பம். கலோட்ரோபின், கலாக்டின், உஸ்சாரின், வோருஸ்சாரின் என்று பல மூலக்கூறுகள். பொதுவாகக் கார்டினோலைடுகள் என்போம். நான்கு வளையம் சேர்ந்த ஸ்டீராய்டு உடம்பு, அதன் ஒரு முனையில் ஐந்து அணுக்கள் கொண்ட லாக்டோன் வளையம், மறு முனையில் சர்க்கரை.

டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வரும் டிகாக்சின் என்ற இதய மாத்திரையும் இந்தச் சாதிதான். ஆனால் ஒரு வித்தியாசம். டிகாக்சினில் சர்க்கரை ஸ்டீராய்டோடு ஒரே இடத்தில் பிணைந்திருக்கும். எருக்கு நஞ்சில் இரண்டு இடத்தில் பிணைந்து, நடுவில் இன்னொரு வளையமே உருவாகிவிடுகிறது. உஸ்சாரினிலும் வோருஸ்சாரினிலும் அதற்கு மேல் நைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த ஒரு வளையமும் உண்டு. 1930களில் ஜெர்மனியில் ஹெஸ்ஸே என்ற வேதியியலாளர் கலோட்ரோபினைப் பிரித்து ஆராய்ந்தபோது, அதை ஆப்பிரிக்க அம்பு நஞ்சு என்றுதான் குறிப்பிட்டார். வேட்டைக்கு அம்பு முனையில் தடவிய சரக்கு அது.

ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்ப்பது சுலபம். காய்ந்த எருக்கம்பாலை ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டி, கெட்டே வினைபொருளில் இரண்டு சொட்டு, அதாவது டைநைட்ரோபென்சாயிக் அமிலம், கூடவே காரம் சேர்த்தால் சோதனைக்குழாயில் ஊதா நிறம் எழும். கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். அந்த ஊதா லாக்டோன் வளையம் கொடுக்கிற நிறம். மாணவர்கள் அதுவரை செடியை வேலியோரக் களையாகத்தான் பார்த்திருப்பார்கள்.

இது உடம்பில் என்ன செய்கிறது? நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற ஒரு பம்ப் இருக்கிறது. 1957ல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ கண்டுபிடித்தது, அதற்காக 1997ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கார்டினோலைடு போய் அந்தப் பம்பை அடைத்துவிடும். உள்ளே சோடியம் சேரும், அதனால் கால்சியம் வெளியேற முடியாமல் தங்கும். இதயத் தசையில் கால்சியம் கூடினால் துடிப்பு பலமாகும். கொஞ்சம் கூடினால் மருந்து. இன்னும் கொஞ்சம் கூடினால் துடிப்பின் ஒழுங்கே குலைந்துவிடும். டிகாக்சின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவில் வேலை செய்கிறது, இரண்டைத் தாண்டினாலே டாக்டர்கள் கவலைப்படுவார்கள். அவ்வளவு குறுகலான இடைவெளி.

வேர்ப்பட்டைத் தூளில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு ஸ்பூன் என்பது அளவே இல்லை. எலி விஷயத்தை நாளை எழுதுகிறேன், அதற்குத் தனியாக இடம் வேண்டும்.

பட்டாம்பூச்சி எண்ணூர்
ஐயா, அருமை. பம்ப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அத்திப்பட்டு பக்கம் ரயில்வே வேலியோர எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். புழுவைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளை, கறுப்பு வரிகள், நடுவில் மஞ்சள் புள்ளி, உடம்பில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. கொஞ்சம் வளர்ந்த புழு இலையை நேராகத் தின்ன ஆரம்பிக்காது. முதலில் நரம்பைக் கடித்து வைக்கும். வெட்டிய இடத்தில் பால் குபுக்கென்று வழியும். அது வடிந்து நின்ற பிறகு, வெட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிதானமாகத் தின்னும். பால் ஒட்டினால் வாய் இறுகிவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

இதன் உறவான அமெரிக்க மொனார்க் பட்டாம்பூச்சியில் அந்தப் பம்பே மாறியிருக்கிறது. பம்ப் ஒரு புரதம், அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அதன் 122ஆவது இடத்தில் ஆஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். 111, 119ஆவது இடங்களிலும் மாற்றம் உண்டு. 2019ல் இதே மூன்று மாற்றங்களையும் பழ ஈயின் மரபணுவில் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த ஈயும் கார்டினோலைடைத் தாங்கியது.

எண்ணூரில் கட்டடக் கழிவு கொட்டும் இடமெல்லாம் முதலில் எருக்கைத்தான் வெட்டுகிறார்கள். வரியன் அங்கே முட்டை வைக்க இடமில்லாமல் போகிறது. தலைப்புக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்
பட்டாம்பூச்சி தம்பி, நீங்கள் சொன்ன 122ஆவது இடம்தான் நான் இன்று எழுத வந்த விஷயமே!

கார்த்தி, கவனமாகக் கேளுங்கள். எலி, சுண்டெலி இரண்டுக்கும் இதயம், சிறுநீரகம் போன்ற இடங்களில் முக்கியமாக இருக்கும் பம்ப் வகையில் அதே 111, 122 இடங்களில் மாற்றம் உண்டு. அதனால் கார்டினோலைடு அங்கே சரியாக உட்காருவதில்லை. மனிதப் பம்பை அடைக்கும் அளவைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் எலியின் பம்ப் ஓடும்.

இப்போது புற்றுநோய்ச் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மனிதப் புற்றுசெல்லை எடுத்துச் சுண்டெலியின் உடம்பில் வளர்க்கிறார்கள். பிறகு மருந்து கொடுக்கிறார்கள். கட்டி மனித செல், அதனால் சாகிறது. சுற்றியிருக்கும் உடம்பு சுண்டெலி உடம்பு, அதனால் ஒன்றும் ஆகவில்லை. தாளில் படித்தால், புற்றுநோயை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்கிற, பக்கவிளைவே இல்லாத மருந்து போலத் தெரியும். அந்தச் சுண்டெலிக்குள் ஒரு மனித இதயம் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து நின்றிருக்கும். உங்களுக்கு வந்த வாட்ஸப் செய்தியில் ‘பக்கவிளைவே இல்லை’ என்ற வரி இங்கிருந்துதான் வருகிறது. எருக்குச் சாறு எலிக்குக் கொடுத்தோம், பாதுகாப்பானது என்று வரும் கட்டுரைகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியோடு படியுங்கள்: எந்தப் பிராணியின் பம்ப்?

பெல்ஜியம் ஆட்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நல்ல வேதியியல் செய்தார்கள். வேர்ப்பட்டையிலிருந்து ஆக்சோவோருஸ்சாரின் என்ற மூலக்கூறைப் பிரித்து, அதிலிருக்கும் ஆல்டிஹைடு தொகுதியை ஆல்கஹாலாக மாற்றி, யுஎன்பிஎஸ் 1450 என்று பெயர் வைத்தார்கள். செடியின் மூலக்கூறை அப்படியே கொடுத்தால் தாங்காது என்றுதானே மாற்றினார்கள்? மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை வரை போனது. மருந்தாகக் கடைக்கு வரவில்லை. ஆக, ‘மருந்து எடுத்துவிட்டார்கள்’ என்பது தப்பு. எடுக்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான். உங்கள் மாமாவின் பொட்டலத்தில் இருப்பது அந்த மாற்றிய மூலக்கூறும் இல்லை, மாற்றாத மொத்தக் கலவை.

வியாசர்பாடி கார்த்தி
ஐயா, நேற்றே மாமாவிடம் போனில் பேசிவிட்டேன், சாப்பிடவில்லை. இந்த எலி விஷயம் எங்கேயும் நான் படிக்கவில்லை. இதைத்தான் அவருக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். அவர் முன்னாள் ஃபவுண்டரி தொழிலாளி, காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வார். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்.

சித்தா மாணவி
வாத்தியார் ஐயா சொன்ன வேதியியலில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த இழையைப் படிப்பவர்கள், சித்த மருத்துவம் விஷத்தைத் தெரியாமல் கொடுக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எருக்கு விஷம் என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆயுர்வேதத்திலும் அதை உபவிஷங்களில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் முறையில் சுத்தி, அதாவது சரக்கின் நஞ்சை நீக்கிச் சுத்தப்படுத்துகிற படி, இல்லாமல் மருந்தே கிடையாது. பற்பம் என்ற சாம்பல் மருந்து செய்யும்போது எருக்கம்பாலில் அரைத்துப் புடம் போடுவது, அதாவது நெருப்பில் எரிப்பது, உண்டு. பச்சை வேர்ப்பட்டையை இடித்துத் தேனில் குழைத்துப் புற்றுநோயாளிக்குக் கொடு என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. கொடுத்தவர் வைத்தியரே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
மகளே, நீ சொன்னது ரொம்ப முக்கியம். புடத்தின் சூட்டில் கார்டினோலைடு எரிந்து போய்விடும், கரிம மூலக்கூறு அந்த வெப்பத்தில் நிற்காது. அதனால் ‘பற்பத்தில் எருக்கு இருக்கிறதே, அது விஷமாகவில்லையே’ என்று பச்சைத் தூளுக்கு நியாயம் சொல்லக்கூடாது. இரண்டும் வேறு பொருள்.

மருந்தாகும் வாய்ப்பே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். எருக்கம்பாலில் கார்டினோலைடு மட்டும் இல்லை. புரதத்தைச் செரிக்கும் நொதிகள் நிறைய இருக்கின்றன, பப்பாளிப் பாலில் இருக்கிறதே, அந்த வகை. மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டில், புரோசெரா சாறு விட்டுத்தான் மாட்டுப்பாலைத் திரியவைத்து வகாஷி என்ற பாலாடைக்கட்டி செய்கிறார்கள். பிரேசிலில் ஒரு குழு, எருக்கம்பாலைச் சவ்வூடு பிரித்துச் சின்ன மூலக்கூறுகளை எல்லாம் வெளியேற்றிவிட்டு, மிஞ்சிய புரதங்களை மட்டும் வைத்து வீக்கம், புண் ஆறுதல் பற்றிப் பல வருஷமாக வேலை செய்கிறது. நஞ்சை ஒதுக்கிவிட்டு நல்லதை வைத்துக்கொள்கிற அந்தப் பாதைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. எருக்கின் எதிர்காலம் இதயத்திலும் புற்றுநோயிலும் இல்லை, மேல்பூச்சில் இருக்கலாம் என்பது என் கணிப்பு.

காசிமேடு கடலோரம்
அப்போ முள்ளுக்குப் பால் வைப்பதும் அந்த நொதி வேலையா ஐயா?

ஓய்வுபெற்ற வாத்தியார்
இருக்கலாம். தோலின் புரதத்தை இளக்குகிறது. அதனால்தான் சிலருக்கு அதே இடத்தில் கொப்புளமும் போடுகிறது.

ஜெயந்தி தண்டையார்பேட்டை
கொப்புளம் என்றதும் சொல்கிறேன். எருக்கிலையைப் பாதத்தில் வைத்து சாக்ஸ் போட்டுக்கொண்டால் சர்க்கரை குறையும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பால் பட்டுத் தோல் வெந்தாலும் தெரியாது. அந்தப் புண் எங்கே போய் முடியும் என்று எங்களைக் கேளுங்கள்.

கார்த்தி, மாமா விஷயத்தில் இன்னொன்று. கீமோவில் இருப்பவருக்கு வாந்தி, பேதி ஏற்கெனவே இருக்கும். எருக்கு நஞ்சின் முதல் அறிகுறியும் வாந்திதான். அதனால் நஞ்சு ஏறினாலும் கீமோவின் விளைவு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதற்குள் நாடி மெதுவாகி, தாறுமாறாகி, தலை சுற்றி விழுவார். பம்ப் நின்றால் பொட்டாசியம் செல்லுக்குள் போக முடியாமல் ரத்தத்தில் ஏறும். டிஜிட்டாலிஸ் வகை நஞ்சில் அது லிட்டருக்கு 5.5 மில்லிமோலைத் தாண்டுவதை ஆபத்துக் குறியாகவே வைத்திருக்கிறார்கள். நாடியைக் கூட்டுகிற அட்ரோபின் மருந்து, தற்காலிக பேஸ்மேக்கர் என்று சமாளிப்போம். டிகாக்சினுக்கு எதிரான ஆன்டிபாடி ஒன்று இருக்கிறது. இலங்கையில் அரளி விதை தின்றவர்களிடம் அது நன்றாக வேலை செய்தது என்று 2000ல் நிரூபித்தார்கள். ஆனால் விலை அதிகம், இங்கே கிடைப்பது அரிது.

யாராவது தின்றுவிட்டால், எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்தீர்கள், என்ன தின்றார், எந்தப் பாகம் என்று சொல்லுங்கள். செடியின் ஒரு கிளையைக் கவரில் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்து இந்த எருக்கம்பாலை ஒரு காலத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பச்சைப் பெண் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அரசாங்கம் தொட்டில் குழந்தை திட்டம் கொண்டுவந்தது 1992ல். அந்தக் குழந்தைகளைக் கொன்றது எது என்று தெரிந்த தமிழ்நாட்டில், அதையே தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

மிண்ட் பூக்கட்டும் லதா
எல்லாம் படித்தேன். எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு நாங்கள் எருக்கம்பூ மாலை கட்டுவோம். பூவைக் காம்போடு கிள்ளும்போதே பால் வரும், விரல் எல்லாம் பிசுபிசு என்று ஒட்டிக் கறுத்துவிடும், சோப்பு போட்டாலும் லேசில் போகாது. போன சதுர்த்திக்கு என் நாத்தனார் வேர்வையைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துவிட்டாள். எரிச்சல் கொஞ்ச நேரம்தான். வலியே இல்லை என்று ராத்திரி வரை கட்டினாள். மறுநாள் காலையில் ஒரு கண்ணில் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. தெருமுனை மருந்துக்கடையில் ஏதோ சொட்டு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. கண் டாக்டரிடம் போன பிறகு பத்துப் பதினைந்து நாளில் சரியானது. வலிக்காமல் எப்படிப் பார்வை மங்கும்?

ஓய்வுபெற்ற வாத்தியார்
லதா அம்மா, இதுவும் அதே பம்ப்தான்! கருவிழியின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் எப்போதும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். தரைக்குக் கீழே கட்டிய அறையில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கிற மாதிரி, அந்தச் செல்கள் சோடியம் பம்பை ஓட்டி நீரை வெளியேற்றுகின்றன. அதனால்தான் கருவிழி கண்ணாடி போல இருக்கிறது. எருக்கம்பால் உள்ளே ஊடுருவிப் பம்பை அடைத்ததும் கருவிழி நீர் கோத்து வீங்குகிறது. பார்வை மங்குகிறது. மேல்தோல் பெரிதாகப் புண்ணாகாததால் வலி தெரிவதில்லை. இந்தியக் கண் மருத்துவர்கள் இப்படிப் பல நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஜெயந்தி தண்டையார்பேட்டை
லதா அக்கா, நாத்தனாருக்குப் பார்வை திரும்பியது நல்ல செய்தி. ஆனால் அந்த உள் அடுக்குச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மிச்சம் இருப்பவைதான் விரிந்து இடத்தை நிரப்பும். அதனால் இன்னொரு முறை படக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தரம் கண் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

மிண்ட் பூக்கட்டும் லதா
எங்கள் வரிசையில் மட்டும் சதுர்த்திக்கு முப்பது நாற்பது பெண்கள் கட்டுவோம். யாருக்கும் இது தெரியாது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டலாம் என்று இருக்கிறேன். இப்படி எழுதினால் சரியா பாருங்கள்:

‘எருக்கம்பூ கட்டும்போது கண்ணைத் தொடாதீர்கள். கையுறை போடுங்கள். பால் கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். வலித்தால் டாக்டரிடம் போங்கள்.’

ஜெயந்தி தண்டையார்பேட்டை
கடைசி வரியை மாற்றுங்கள் அக்கா. ‘வலிக்காவிட்டாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்’ என்று போடுங்கள். கழுவுவதைப் பதினைந்து நிமிஷம் என்று எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டு தரம் தெளித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள் என்றும் ஒரு வரி. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி பெயரை அடியில் போட்டுவிடுங்கள், மிண்டிலிருந்து பக்கம்தான்.

சித்தா மாணவி
கையுறை போட்டால் நார் முடிச்சு விழாது என்று பெண்கள் கழற்றிவிடுவார்கள். விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கட்டினால் பால் ஒட்டுவது குறையும், கழுவவும் சுலபம். எங்கள் ஊர்ப் பூக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். முகம் துடைக்கத் தோளில் தனியாக ஒரு துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மிண்ட் பூக்கட்டும் லதா
எண்ணெய், துண்டு இரண்டையும் சேர்த்துவிட்டேன். நாளைக்கு அச்சகத்துக்குப் போகிறேன்.

வியாசர்பாடி கார்த்தி
எர்ணாவூர் போய் வந்தேன். மாமா முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். எலி பற்றிய இடத்தை இரண்டாவது தரம் படிக்கச் சொன்னார். பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டார், அடுத்த கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுகிறோம். கொடுத்தவர் அதே தெருவில் இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறாராம். அதில் ஒருவர் ஏற்கெனவே இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுபவர். ஜெயந்தி அக்கா, அவர் வீட்டுக்கு நாளை காலை போகிறேன், என்ன கேட்க வேண்டும்?

ஜெயந்தி தண்டையார்பேட்டை
நாளை வேண்டாம், இப்போதே போங்கள். தூள் சாப்பிட்டாரா, எத்தனை நாளாக, வாந்தி இருக்கிறதா, பார்வை மஞ்சளாகத் தெரிகிறதா, நாடி நிமிஷத்துக்கு அறுபதுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டிருந்தால், ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இசிஜியும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையையும் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே போனதும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் விழித்திருப்பேன்.